இராசபாளையம் நாய் குறித்த பொதுக்கருத்துகள்: சொல்வழி ஒரு மறுஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத்தின் நாயினங்களுள் பரவலாக அறியப்பட்டது இராசபாளையம். அதனைப் பற்றி மூன்று கருத்துகள் பொதுமக்களிடையே நிலைபெற்றுள்ளன. அது சங்ககாலம் முதல் மாறாது வரும் தொல்லினம் என்பது முதலாவது. கலப்பற்ற வெண்மையே அதன் தூய்மைக்குச் சான்று என்பது இரண்டாவது. பிறவியிலேயே கொடுஞ்சீற்றம் உடையது என்பது மூன்றாவது. இவற்றுள் முதல் இரண்டும் புகழ்ச்சியாகவும் மூன்றாவது பழியாகவும் தோன்றினும், மூன்றும் ஒரே கருத்தடிப்படையில் எழுந்தவை என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. தனி விலங்கின் இயல்பை அதன் இனப்பெயரே முடிவு செய்கிறது என்பதே அவ்வடிப்படையாகும். பழந்தமிழ் நூல்கள், நடுகல் சான்று, இக்கால வழக்குச்சொற்கள், உயிரியல் ஆய்வு முடிவுகள் ஆகியன இங்கு ஒருசேர நோக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: இராசபாளையம், நாட்டு நாய், சாதி நாய், ஞமலி, நடுகல், நாயினம், வெண்மை.

முன்னுரை

மனிதனோடு மிக நெடுங்காலம் உடனுறைந்த விலங்கு நாய். அதனால் ஒரு சமுதாயத்தின் மொழியில் நாயைக் குறித்த சொற்கள் விலங்கியல் செய்தியை மட்டும் தாங்குவதில்லை. அச்சமுதாயத்தின் உயர்வு தாழ்வு பற்றிய எண்ணங்களையும் தாங்கி நிற்கின்றன. தமிழில் நன்றிக்கும் நாய் உவமை, இழிவுக்கும் நாய் உவமை. இம்முரண் உவமை அளவில் நின்றுவிடின் அது இலக்கியச் செய்தி மட்டுமே. ஆயின் அது வளர்ப்போரின் தேர்வையும் வாங்குவோரின் விருப்பத்தையும் ஆளும்போது, உயிருள்ள விலங்கின் உடலில் விளைவை ஏற்படுத்துகிறது. இராசபாளையம் நாய் அதற்குத் தக்க சான்று. ஆகவே அதனைப் பற்றிய கருத்துகளைச் சொல்லாய்வு வழி அணுகுவது தேவையாகின்றது.

1. இராசபாளையம்: அடிப்படைச் செய்திகள்

இவ்வினம் விருதுநகர் மாவட்டத்து இராசபாளையம் ஊரின் பெயரால் வழங்குகிறது. உயர்ந்த கால்கள், ஆழ்ந்த மார்பு, ஒடுங்கிய வயிறு, பால்வெண்ணிற உடல், இளஞ்சிவப்பு மூக்கு ஆகியன இதன் அடையாளங்களாகச் சொல்லப்படுகின்றன. தோள்வரை ஏறத்தாழ 65 முதல் 75 செ.மீ. உயரம் உடையது. கண்ணால் கண்டு விரட்டும் வேட்டை நாய் வகையைச் சார்ந்த இது காட்டுப்பன்றி வேட்டைக்கும், வீடு, தோட்டம் ஆகியவற்றின் காவலுக்கும் வளர்க்கப்பட்டது.

இந்திய அஞ்சல்துறை 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட நாயின அஞ்சல்தலைகள் நான்கனுள் ஒன்று இராசபாளையத்தைக் காட்டியது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளங்கள் அமைப்பு இராசபாளையம், சிப்பிப்பாறை, முதோல் ஆகிய மூன்றையும் இந்திய நாயினங்களாகப் பதிவு செய்துள்ளது. சென்னை சைதாப்பேட்டையில் அரசின் நாய் இனப்பெருக்கப் பிரிவும் இயங்கி வந்துள்ளது. இந்திய நாயினங்களின் வரலாற்றைத் தொகுத்துரைக்கும் சு. தியடோர் பாஸ்கரனின் ஆங்கில நூல் 2017இல் வெளிவந்தது. ஆகவே இவ்வினம் அறியப்படாத ஒன்று அன்று. அறியப்பட்டும் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்பதே இங்குச் சிக்கல்.

2. 'நாட்டு நாய்', 'சாதி நாய்' என்னும் வழக்குகள்

இக்காலப் பேச்சுத்தமிழில் நாய்களை இருவகைப்படுத்தும் வழக்கு உண்டு. அயல்நாட்டு இனங்களைச் 'சாதி நாய்' என்பர். ஏனையவற்றை 'நாட்டு நாய்' என்பர். 'நாட்டு நாய்' என்னும் சொல்லுக்குள் தன்மையால் வேறுபட்ட மூன்று பிரிவுகள் அடங்கிவிடுகின்றன. ஊர்ப்பெயரால் அறியப்பட்டு, குறிப்பிட்ட பணிக்கெனத் தேர்ந்து வளர்க்கப்பட்ட இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை போன்றவை ஒன்று. உரிமையாளர் இருந்தும் கட்டின்றித் திரியும் ஊர் நாய்கள் மற்றொன்று. உரிமையாளர் அற்ற தெரு நாய்கள் மூன்றாவது. முதற்பிரிவின் உணவு, உடற்பயிற்சி, இட வசதி பற்றிய தேவைகள் ஏனைய இரண்டினின்றும் வேறானவை. பெயர் ஒன்றாகவே, 'நாட்டு நாய்தானே, எதைப் போட்டாலும் தின்னும், எங்கும் கிடக்கும்' என்னும் எண்ணம் முதற்பிரிவின் மீதும் படிகிறது.

கால்நடைகளுக்கு இந்நிலை முழுமையாக நேரவில்லை என்பது ஒப்பிடத்தக்கது. காங்கேயம், உம்பளாச்சேரி, புலிக்குளம், பர்கூர் என ஊர்ப்பெயரும் மலைப்பெயரும் மாட்டினப் பெயர்களாக நின்று, ஒவ்வோர் இனத்தின் பணியையும் உழவர் நினைவில் தனித்தனியே காத்துள்ளன. நாயினப் பெயர்களும் இதே முறையில் அமைந்தவையே. ஆயினும் நகர வழக்கில் அவை 'நாட்டு நாய்' என்னும் பொதுச்சொல்லுள் மறைந்தன.

'சாதி' என்னும் சொல் வகை என்னும் பொதுப்பொருளிலும் வழங்குகிறது. எனினும் 'சாதி நாய்' என்பதில் அது வகையை மட்டும் குறிக்கவில்லை. பிறப்பால் வரும் மேன்மையையும் குறிக்கிறது. 'சாதி' உடைய நாய் உண்டெனின் 'சாதி' அற்ற நாயும் உண்டு என்னும் தரவரிசை அச்சொல்லிலேயே அமைந்துள்ளது. காலனிய ஆட்சிக்கால ஆங்கிலத்தில் இத்தரவரிசை இன்னும் வெளிப்படையாகப் பதிவாயிற்று. ஒடுக்கப்பட்ட ஒரு தமிழ்ச் சமூகத்தின் பெயரைத் திரித்து, உரிமையாளர் அற்ற நாய்களைச் சுட்டும் சொல்லாக ஆங்கிலேயர் வழங்கினர். அச்சொல் விலங்கியல் நூல்களிலும் இடம்பெற்றது. மனிதரைத் தாழ்த்திய அளவுகோலே நாயை வகைப்படுத்தவும் பயன்பட்டது என்பதற்கு இது மறுக்கவியலாச் சான்று. அதே காலத்தில் பாளையக்காரர் வளர்த்த வேட்டை நாய், 'பாளையக்காரர்' என்பதன் ஆங்கிலத் திரிபான 'பாலிகர்' என்னும் அடையோடு சிறப்பிக்கப்பட்டது. இவ்விரு ஆங்கிலப் பெயர்களையும் அருகருகே வைத்து நோக்கின், நாயின் உடற்கூற்றைவிட அதனை வைத்திருந்தவரின் சமூகநிலையே பெயரிடலை ஆண்டது என்பது புலனாகும்.

3. பழந்தமிழ் மரபில் நாய்

தொல்காப்பிய மரபியல் விலங்குகளின் இளமை, ஆண்மை, பெண்மைப் பெயர்களை வகுத்துரைக்கிறது. நாயின் இளமைப்பெயர் குருளை எனவும், குட்டி, பறழ் என்பனவும் அதற்கு விலக்கப்படா எனவும் கூறும் அந்நூல், பன்றி, புலி, முயல் ஆகியவற்றோடு நாயை ஒரு நிரலில் வைக்கிறது. பெண்மைப்பெயராகப் பிணவு, பாட்டி ஆகியவற்றைச் சுட்டுகிறது. நாய்க்கென இழிவுப்பெயர் ஏதும் அங்கில்லை. ஞமலி என்பது பூழிநாட்டு வழக்கு எனத் திசைச்சொல்லுக்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு, நாயைக் குறித்த வட்டாரச் சொல்வளத்தையும் உணர்த்துகிறது.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படையிலும் பட்டினப்பாலையிலும் நாய் இடம்பெறும் இடங்கள் இங்குக் குறிப்பிடத்தக்கன. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் தம் நாய்களோடு புதர்களை அலைத்து முயல் வேட்டையாடுகின்றனர். அவர்தம் காவலமைந்த மனையில் சங்கிலியால் பிணிக்கப்பட்ட நாய் உள்ளது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டசாலை முற்றத்தில் ஆண் நாய் ஆட்டுக்கிடாயோடு குதித்து விளையாடுகிறது. வேட்டை, காவல், விளையாட்டு என நாயின் மூன்று நிலைகளையும் ஒரே புலவர் காட்டியுள்ளார். வேட்டையில் முனைப்புடையதும் முற்றத்தில் ஆட்டோடு இணங்கி ஆடுவதும் 'ஞமலி' என்னும் ஒரே பெயரால் சுட்டப்படுவது கருதத்தக்கது. சூழலே செயலை வேறுபடுத்துகிறது, பெயர் வேறுபடுத்தவில்லை.

இதனால் பழந்தமிழர் நாயிடத்து வேறுபாடே பாராட்டவில்லை என முடிவு செய்தல் பொருந்தாது. அதே பெரும்பாணாற்றுப்படை, அந்தணர் மனையில் கோழியும் ஞமலியும் அணுகா எனக் கூறுகிறது. தூய்மை பற்றிய விலக்கு அக்காலத்தும் இருந்தது. ஆனால் அவ்விலக்கு மனையைப் பொறுத்தது. நாய்களுக்குள் தூயது, தூய்மையற்றது என்னும் பிரிவினையைப் பொறுத்ததன்று.

அற இலக்கியத்தில் நாயின் இருமுகமும் ஒரே நூலில் அமைகின்றன. நாலடியார், பாகனையே கொல்லும் யானையினும், எறிந்த வேல் உடலில் நிற்கவும் தலைவனைக் கண்டு வாலாட்டும் நாயைப் போன்றவரின் நட்பே கொள்ளத்தக்கது என்கிறது. பிறிதோரிடத்தில், கடிக்கும் நாயைத் திருப்பிக் கடிப்பார் இல்லை எனக் கீழ்மக்களின் சுடுசொல்லைப் பொறுத்தற்கு நாயை உவமையாக்குகிறது. பத்தி இலக்கியத்தில் மாணிக்கவாசகர் தம்மை 'நாயேன்' எனப் பலவிடத்தும் சுட்டிக்கொள்வது தாழ்வுணர்ச்சியின் உச்சமாகவும் அடிமைத்திறத்தின் உச்சமாகவும் ஒருங்கே பொருள்படுகிறது. இவ்விலக்கியங்கள் நாயைப் பொதுமையில் வைத்தே போற்றின. பொதுமையில் வைத்தே இகழ்ந்தன.

நாயைத் தனி உயிராக நினைவுகூர்ந்த மிகச் சிறந்த சான்று நடுகல்லில் கிடைக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் உள்ள நடுகல், முதலாம் மகேந்திரவர்மனின் ஆட்சிக்காலமாகிய கி.பி. 7ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு அவனுடைய நாயும் அதில் வடிக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்பது அந்நாயின் பெயர் எனவும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது எனவும் கல்வெட்டு தெரிவிக்கிறது. நாயின் நிறமோ இனமோ அங்குக் கூறப்படவில்லை. அதன் பெயரும் அது செய்த செயலுமே பொறிக்கப்பட்டன.

4. 'ஈராயிரம் ஆண்டுத் தொல்லினம்' என்னும் கருத்து

மேற்கண்ட சான்றுகளைக் கொண்டு இராசபாளையம் சங்ககாலத்திலிருந்தே மாறாது வரும் இனம் என வாதிடும் போக்கு பரவலாக உள்ளது. இதனை ஊர்ப்பெயரே மறுக்கிறது. சங்கப் பாடல்கள் படை தங்குமிடத்தைப் பாசறை, பாடி எனச் சுட்டும். 'பாளையம்' என்பது ஆட்சிப் பிரிவின் பெயராக நிலைபெற்றது, 16ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் வகுத்த 72 பாளையங்களின் அமைப்பால் ஆகும். இராசபாளையம் என்னும் பெயரின் முற்பகுதி, தெலுங்கு நிலத்திலிருந்து வந்து அங்குக் குடியேறிய இராசுக்களோடு தொடர்புடையது. ஆகவே அவ்வினப்பெயர் தமிழ், தெலுங்கு மக்களின் கூட்டு வாழ்வில் உருவான வரலாற்றைச் சுமந்து நிற்கிறது.

பெயரின் காலமும் விலங்கின் காலமும் ஒன்றாதல் வேண்டும் என்பதில்லை. அப்பெயர் தோன்றுமுன்னும் அந்நிலத்தில் வேட்டை நாய்கள் இருந்தன. ஆயின் முயல் வேட்டையில் வரும் ஞமலியை இன்றைய வெண்ணிற இராசபாளையம் எனக் கொள்வதற்குப் பாடல்களில் இடமில்லை. பாளையப் போர்களில் இந்நாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்தன என்னும் செய்தியையும் வாய்மொழி மரபாகவே கொள்ளுதல் தகும். வாய்மொழி மரபுக்கு அதற்குரிய மதிப்புண்டு. அதனை ஆவணச் சான்றாக மாற்றிக் கூறுவதே பிழை.

இத்தொன்மைக் கருத்து தீங்கற்ற பெருமிதம் போலத் தோன்றினும், அதன் விளைவு தீங்கற்றதன்று. ஓர் இனம் தொன்றுதொட்டு மாறாதது எனக் கொண்டால், அதன் இன்றைய வடிவில் மனிதர் செய்த தேர்வுகள் கண்ணுக்குப் புலப்படா. அத்தேர்வுகளுள் முதன்மையானது நிறம்.

5. வெண்மையும் தூய்மையும்

இராசபாளையம் எனில் மாசற்ற வெண்மை என்பது பொதுவழக்கு. ஈற்றில் கரிய அல்லது பழுப்புநிறக் குட்டிகளும் பிறப்பதுண்டு. வளர்ப்போரும் வாங்குவோரும் வெண்மையையே விரும்பியதால் நிறமுள்ள குட்டிகள் 'கலப்பு' எனக் கருதப்பட்டு ஒதுக்கப்பட்டன. ஒதுக்கப்பட்டது கலப்பன்று, இனத்தின் உள்ளேயே இருந்த மரபணு வேறுபாடு.

வெண்மைக்கும் செவித்திறனுக்கும் உள்ள தொடர்பு உயிரியலில் நன்கு அறியப்பட்டது. நிறத்தைத் தரும் மெலனோசைட் என்னும் உயிரணுக்கள் தோலில் மட்டுமன்றி உட்செவியிலும் உள்ளன. அங்குள்ள நத்தை வடிவ உறுப்பு செயற்படுவதற்கு அவை இன்றியமையாதன. சிலவகை வெண்மை மரபணுக்கள் அவ்வுயிரணுக்கள் உட்செவியைச் சென்றடைவதைத் தடுக்கின்றன. அதனால் பிறந்த சில வாரங்களுக்குள் கேட்புறுப்பு சிதைந்து, குட்டி ஒரு செவியிலோ இரு செவியிலோ கேட்கும் திறனை இழக்கிறது. டால்மேஷியன் இனத்தில் இது விரிவாக ஆராயப்பட்டுள்ளது. அமெரிக்காவில் சோதிக்கப்பட்ட அவ்வின நாய்களுள் ஏறத்தாழ 30 விழுக்காடு ஒரு செவியிலேனும் கேளாதவை. வெண்ணிற நாய் எல்லாம் செவிடு என்பது இதன் பொருளன்று. சமோயெட் போன்றவற்றின் வெண்மை வேறு மரபணு வழி வருவதால் அவற்றில் இக்குறை பொதுவாக இல்லை. இராசபாளையத்தில் செவிட்டுத்தன்மை கொண்ட குட்டிகள் பிறப்பது வளர்ப்போர் நெடுங்காலம் அறிந்த செய்தி.

இக்குறையை வாங்குவோர் எளிதில் அறிய இயலாது. ஈற்றில் உள்ள ஏனைய குட்டிகளின் அசைவைப் பார்த்துச் செவிட்டுக் குட்டியும் அவற்றோடு எழுந்தோடும். புதுமனைக்குத் தனியே வந்த பின்னரே வேறுபாடு தெரியும். ஒரு செவி மட்டும் கேளாத குட்டியை வெறும் நோக்கால் கண்டறிதல் அரிது. மூளைத்தண்டின் கேட்பு அலைகளை அளக்கும் சோதனையே உறுதி தரும். அவ்வாறு கண்டறியப்படாத நாய் இனப்பெருக்கத்திற்குப் பயன்படும்போது குறை அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது.

இங்கு 'தூய்மை' என்னும் சொல்லின் பொருள் கேள்விக்குரியதாகிறது. செவி, உடல்நலம், பணித்திறன் ஆகியவற்றை விடுத்து நிறம் ஒன்றையே தூய்மையின் அளவாகக் கொள்வது, 'சாதி நாய்' என்னும் வழக்கின் தரவரிசையை நாட்டினத்திற்குள்ளும் கொணர்வதாகும். வெண்மை உயர்வு, கருமை தாழ்வு என்னும் எண்ணம் விலங்கின் இயல்பிலிருந்து எழுந்ததன்று. 2018இல் வெளிவந்த 'பரியேறும் பெருமாள்' திரைப்படத்தில் ஒடுக்கப்பட்ட இளைஞரின் வேட்டை நாய்க்குக் கருப்பி என்னும் பெயர் அமைந்ததும், அந்நாயின் மீது இழைக்கப்படும் கொடுமை அம்மக்களின் மீதான கொடுமையாகவே உணரப்படுவதும் இத்தொடர்பில் நினைக்கத்தக்கன.

6. 'பிறவிச் சீற்றம்' என்னும் கருத்து

இராசபாளையம் யாரையும் அண்டவிடாத கொடிய நாய் என்பது மூன்றாவது கருத்து. ஒருவரிடமோ ஒரு குடும்பத்திடமோ நெருங்கிய பிணைப்புக் கொள்ளுதலும் அயலாரிடம் ஒதுங்கி நிற்றலும் இவ்வினத்தின் இயல்பாகச் சொல்லப்படுகின்றன. காவலுக்கெனத் தேர்ந்து வளர்க்கப்பட்ட நாயிடம் இது எதிர்பார்க்கத்தக்கதே. ஒதுங்குதலைச் சீற்றம் எனக் கொள்வதே பிழை.

இனமே குணத்தை முடிவு செய்கிறது என்னும் நம்பிக்கை பொதுவாகவே ஐயத்திற்குரியது. 2022இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஓர் ஆய்வு 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் நடத்தைச் செய்திகளையும் 2,155 நாய்களின் மரபணுத் தொகுதிகளையும் ஒப்பிட்டது. தனி நாய்களிடையே காணப்படும் நடத்தை வேறுபாட்டில் ஏறத்தாழ 9 விழுக்காட்டை மட்டுமே இனம் விளக்குகிறது என அது கண்டது. எளிதில் சினம் கொள்ளும் தன்மையை இனப்பெயர் கொண்டு கணித்தல் மிக அரிது எனவும் அது காட்டியது. அவ்வாய்வு பெரும்பாலும் அமெரிக்க நாய்களைப் பற்றியது. தமிழக இனங்களுக்கு அதன் எண்களை அப்படியே பொருத்தல் ஆகாது. ஆயினும் இனப்பெயரே தீர்ப்பு என்னும் நம்பிக்கையை அது அசைத்துவிட்டது. 23 வகை நாய்களைக் கொடியவை எனப் பட்டியலிட்டு ஒன்றிய அரசு 2024 மார்ச்சில் விடுத்த சுற்றறிக்கையைக் கர்நாடக உயர்நீதிமன்றம் அடுத்த மாதமே நீக்கியது. அப்பட்டியலில் தமிழக இனங்கள் இல்லை. எனினும் பெயரைக் கொண்டு குணத்தை முடிவு செய்யும் அணுகுமுறை எந்த இனத்தின் மீதும் நாளை திரும்பக்கூடியதே.

இராசபாளையத்தின் சீற்றம் எனக் கூறப்படுவதற்குப் பிற காரணங்கள் உள்ளன. பரந்த நிலத்தில் ஓடி வேட்டையாடத் தேர்ந்த நாய், நகர அடுக்ககத்தில் குறுஞ்சங்கிலியில் நாள் முழுதும் கட்டப்படுகிறது. இளமையில் பல மனிதரையும் ஒலிகளையும் பழகும் வாய்ப்பு அதற்குக் கிடைப்பதில்லை. இவற்றோடு முற்பகுதியில் கூறிய செவிக்குறையும் சேர்கிறது. கேளாத நாய் அழைத்தால் வாராது. அது பிடிவாதம் எனப்படுகிறது. உறங்கும்போது திடீரெனத் தொட்டால் திடுக்கிட்டு எழும். அது சீற்றம் எனப்படுகிறது. செவிட்டு நாய் சினமுடையது எனல் தவறு. கைக்குறிகளால் அதனைப் பழக்கவும் இயலும். குறை இருப்பதை அறியாமையே இடர் தருகிறது.

இவ்விடத்தில் இரண்டாம் கருத்தும் மூன்றாம் கருத்தும் இணைகின்றன. வெண்மையே தூய்மை எனப் புகழ்ந்து செய்த தேர்வு செவிக்குறைக்கு வழிவகுத்தது. அக்குறையின் விளைவுகள் சில, பின்னர் இனத்தின் குணக்கேடாகப் பழிக்கப்பட்டன. புகழ்ந்தோரும் பழித்தோரும் விலங்கை நோக்கவில்லை, பெயரையே நோக்கினர்.

முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு:

1. 'நாட்டு நாய்' என்னும் இக்கால வழக்கு மூன்று வேறு பிரிவுகளை ஒன்றாக்குகிறது. அகராதி, கலைச்சொல், பாடநூல் ஆக்கங்களில் நாட்டு நாயினம், ஊர் நாய், தெரு நாய் என இவற்றைப் பிரித்து வழங்குதல் தகும்.

2. 'சாதி நாய்' என்னும் வழக்கும் காலனிய ஆங்கிலப் பெயர்களும் மனிதரிடையேயான தரவரிசையை விலங்கின் மீது ஏற்றியவை. ஆய்வெழுத்தில் இவற்றைத் தவிர்த்தல் வேண்டும்.

3. சங்க நூல்களின் ஞமலியை இன்றைய ஓர் இனத்தோடு ஒன்றாகக் கொள்வதற்குச் சான்றில்லை. இராசபாளையம் என்னும் பெயர் பாளைய ஆட்சிக்கால வரலாற்றோடு தொடர்புடையது. அது அவ்வினத்தின் மதிப்பைக் குறைப்பதன்று.

4. வெண்மையைத் தூய்மையின் அளவாகக் கொண்ட தேர்வு உடல்நலக் கேட்டிற்கு வழிவகுத்துள்ளது. நிறமுள்ள குட்டிகளை ஏற்றலும், இனப்பெருக்கத்திற்கு முன் செவிச்சோதனை செய்தலும் இனத்தைக் காக்கும் வழிகளாகும்.

5. சீற்றம் இனப்பெயரால் முடிவாவதன்று. வளர்ப்பு, இடம், உடல்நலம், பழக்கம் ஆகியவற்றோடு தனி நாயின் இயல்பும் சேர்ந்தே அதனை உருவாக்குகின்றன.

எடுத்தனூர்க் கல்லில் கோவிவனின் இனத்தை எவரும் பொறிக்கவில்லை. ஆயினும் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் அந்நாய் இன்னதென அறியப்படுகிறது. பெயரும் செயலும் அதற்குப் போதுமாயின. நாயினங்களைப் பாதுகாக்க முயலும் இன்றைய தலைமுறைக்கு, ஒவ்வொரு நாயையும் தனி உயிராக நோக்கும் அப்பார்வையும் அம்மரபின் கொடையாகும்.